உத்தரத்துக்கு மேல் ஒரு கட்டில்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஹாரியட், மழை விடட்டும் என்று என் சமையலறையில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் சொன்னது. பழைய மாளிகைகளைச் சோதித்து, எது நிற்கும், எது விழும் என்று சொல்வது அவள் தொழில்.

"பேய் கீய்னு எதையாவது எழுதி வெச்சுடாதீங்க," என்றாள். "நான் பயந்தது வீட்டைப் பார்த்து."

என் முதல் தொடக்கம் இது: 'ஆல்டர்விக் மாளிகையின் மேல்மாடி ஜன்னலில் வெள்ளையாக ஓர் உருவம்' – அடித்துவிட்டேன். அது காயப்போட்ட தலையணை உறை.

2

முகப்பைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. செங்கல் சுவர், கல் சட்டமிட்ட உயர ஜன்னல்கள், முறுக்கிவிட்டது போன்ற புகைபோக்கிகள். கட்டியவர்கள் நடுவே ஒரு தடித்த சுவரை எழுப்பி, மாடியை அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். இருநூறு வருடம் கழித்து வந்த வாரிசு ஒருவருக்கு விருந்தாளிகள் நடனமாடப் பெரிய கூடம் வேண்டியிருந்தது. சுவரை இடித்தார். அதற்குப் பதிலாக, ஒரே ஓக் மரத்தில் அறுத்த உத்தரத்தை மாட்டி, சுண்ணாம்புப் பூவேலை செய்து மறைத்தார். அடியில் நான்கு பளிங்குத் தூண்கள்.

ஹாரியட் ஒரு தூணை விரல் முட்டியால் தட்டினாள். வெற்றுப் பெட்டியைத் தட்டியது போலிருந்தது.

"என்னம்மா சத்தம் அது?" என்றார் வினிஃப்ரெட். வீட்டுக்காரர். எழுபது தாண்டியவர், காலில் தோட்டத்துச் சேறு.

"இது பளிங்கு இல்ல மேடம். மரப்பலகை. மேல சாயம் பூசியிருக்கு. இது எதையும் தாங்கல."

"எங்க தாத்தா காலத்துலேருந்து இதுல சாஞ்சுதான் போட்டோ எடுத்துக்குறோம்!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அது கேட்டது. டிக், டிக், டிக். தலைக்கு மேல்.

"ஓ, அதுவா," வினிஃப்ரெட் குரலைத் தாழ்த்தினார். "அது கேட்டா வீட்டுல சாவு விழும்னு எங்கம்மா சொல்லுவாங்க. சும்மா, பழைய பேச்சு."

ஹாரியட்டுக்கு அது ஓக் மரத்தைத் தின்னும் வண்டு என்று தெரியும். ஏணியில் ஏறி, உத்தரம் சுவரில் நுழையும் இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்தினாள். ரொட்டிக்குள் கத்தி இறங்குவது போல, பிடி வரைக்கும் இறங்கியது. உருவியபோது பழுப்புத் தூள் நிற்காமல் கொட்டியது.

"இதுக்கு மேல என்ன அறை மேடம்?"

"லயனலோடது. என் அண்ணன். பக்கவாதம் வந்ததுலேருந்து கட்டில்லதான்."

3

[இங்கே உத்தரங்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை இருந்தது. மேலே ஒரு மனிதர் படுத்திருக்கும்போது அதைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?]

தீயணைப்புப் படைக்குச் சொல்லியாயிற்று. அவர்கள் லட்லோ நகரத்திலிருந்து வர வேண்டும். ஹாரியட் லயனலின் அறை வாசலில் நின்றாள். நடுவில் நான்கு தூண் வைத்த ஓக் கட்டில். யானை கனம் இருக்கும். பக்கத்து மேசையில் தண்ணீர்க் கிளாஸ். அதில் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, மறுபக்கம் விரற்கடை கீழே நின்றது.

"வாங்க, வீட்டு டாக்டரம்மா," என்றார் லயனல். "உங்க நோயாளி, இந்த வீடு, பிழைக்குமா?"

"சார், உங்களை இப்பவே வெளிய கொண்டுபோகணும்."

"முடியாது."

என் இரண்டாம் வரைவில் இந்த இடத்தில் ஒரு முழுப் பத்தி: பரம்பரைத் திமிர், 'இது என் வீடு' என்ற கர்ஜனை. ஹாரியட் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "அவர் திமிர் பிடிச்சவர் இல்லீங்க. போர்வை ஓரத்தைப் பிடிச்ச பிடிய அவர் விடவே இல்ல."

ஆக, மறுபடியும்:

"முடியாது," என்றார் லயனல். பிறகு, கீழே நிற்கும் தங்கைக்குக் கேட்காத குரலில், "நான் அசைஞ்சா இந்தத் தரை போயிடும்மா. குளிர்காலம் முழுக்க நான் புரண்டுகூடப் படுக்கல, தெரியுமா? தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சுக்குவேன்."

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?"

"என் தங்கச்சி வின்னிக்கு இந்த வீட்டை விட்டா வேற எதுவும் இல்ல."

ஹாரியட் வாசலிலேயே நின்று படைக்குக் காத்திருக்கலாம்; யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஒரு முனையை உத்தரத்தில் வைத்த தரைச் சட்டங்களின் மறுமுனை வெளிச்சுவரில் உட்கார்ந்திருக்கும், அந்த ஓரம் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். தாங்க வேண்டும். சுவரை ஒட்டி மண்டியிட்டு நகர்ந்தாள். கட்டிலை எட்டும் இடத்தில் வயிறு தரையில் பட நீண்டு படுத்து, மெத்தை விரிப்போடு அவரை இழுத்தாள். அவர் தரையில் சரிந்தபோது பலகைக்கு அடியில் ஏதோ நீளமாக முனகியது.

"அது நான் இல்ல," என்றார் லயனல், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

மாடி வாசலுக்கு ஏறி வந்துவிட்ட வினிஃப்ரெட் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். பின்படிக்கட்டு வழியாக மூவரும் புல்வெளிக்கு வந்து விழுந்தார்கள்.

4

வீடு நின்றது. வெயிலில், அழகாக, ஒன்றுமே நடக்காதது போல.

[திரைப்படமாக இருந்தால் இந்தக் கணத்தில் இடிந்திருக்கும். அப்படியும் எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. நூறு வருடம் அப்படியே நின்றது என்றும் எழுதினேன். அது இன்னும் பெரிய பொய்.]

லயனல் நெஞ்சைப் பிடித்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

"மாத்திரை," என்றார் வினிஃப்ரெட். "கூடத்து மேசையில இருக்கு."

"மேடம், போகாதீங்க! வண்டி வந்துடும்!" லயனலின் தலை ஹாரியட்டின் மடியில் இருந்தது, அவளால் எழ முடியவில்லை.

"ஒரு எட்டு. நான் பிறந்த வீடும்மா இது, என்னை என்ன பண்ணிடும்?"

வினிஃப்ரெட் நடந்தார். திறந்த கதவு வழியாக, அவர் மேசையைத் துழாவுவது ஹாரியட்டுக்குத் தெரிந்தது. கையில் புட்டி கிடைத்துவிட்டது. திரும்ப வேண்டியதுதான். ஆனால் அவர் நின்று, தலையை நிமிர்த்தி, மேலே பார்த்தார். அப்போது

5

அடுத்து நடந்ததை ஹாரியட் எனக்குச் சொல்லிவிட்டாள். மழை விட்டிருந்தது, அவள் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அடுத்த வாக்கியத்தை நான் எழுதாதவரை அந்தக் கூரை இருந்த இடத்திலேயே இருக்கும், அவர் கையில் புட்டி இருக்கும், வாசலில் வெயில் இருக்கும்.

அவர் மேலே பார்த்த நேரத்தில் ஹாரியட் கத்தியது அவர் காதில் விழவில்லை. நீங்கள் ஒருமுறை அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். சத்தமாக வேண்டாம்.