லூப்பே கடைப் பயறு மசியல்

என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் முட்டை இருக்கிற பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் குடும்பம். என்ஜினீயர் வேலைக்காக டொராண்டோவுக்கு வந்தபோது கோட்டு, சூட்டோடு சைவத்தையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு வந்தவர். எழுபத்தைந்தாம் வருஷம் கல்யாணமாகி நான் ஸ்காபரோவில் வந்து இறங்கிய முதல் வாரமே எனக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. ரொட்டி வாங்கினால் உறையின் பின்பக்கத்தைப் படி. பிஸ்கட் வாங்கினால் இரண்டு தடவை படி. ஐஸ்கிரீம் பக்கமே போகாதே. அடுத்த ஃபிளாட்காரி தன் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டு, அவள் கதவைச் சாத்தியதும் நேரே குப்பையில் போட்டார். மேலே ரோஜாப்பூ வைத்த கேக். எனக்கு வயிறு எரிந்தது.

"எதுல என்னத்தக் கலந்திருக்கான்னு யாரு கண்டா, கோமு? விசாரிக்காம ஒண்ணையும் வாயில வைக்கப்படாது" என்றார்.

அவர் விசாரித்து முடித்த இடம் இந்த ஊரிலேயே ஒன்றுதானாம். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கடை வரிசையில், சலவைக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே லூப்பே என்கிற மெக்சிகோக்காரி நடத்திய டாக்கோ கடை. ஆறே மேசை. சுவரில் மஞ்சள் பெயிண்ட், சமையல்கட்டிலிருந்து வரும் புகையில் பாதி பழுப்பாகியிருக்கும். மக்காச்சோள மாவில் தட்டிய சின்ன ரொட்டியைக் கல்லில் சுட்டு, நடுவே ஏதாவது வைத்து மடித்துக் கொடுப்பாள். மற்றவர்களுக்கு இறைச்சி, இவருக்குப் பயறு மசியல். கையால் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், விலையும் மலிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் ஃபிளாட் அடுப்புக்கு லீவு.

முதல் தடவை நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன். நம் ஊர்த் தட்டப்பயறு மாதிரி ஒரு பயறு, வெண்ணெயாக மசிந்து, நாக்கில் வைத்தால் தானாக உள்ளே போயிற்று. இவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டு, "பாத்தியா? சைவத்துல இல்லாத ருசியா?" என்றார். நானும் தலையாட்டினேன்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த மசியலை வீட்டிலும் செய்யச் சொன்னார். பயறு வாங்கி ஊறப்போட்டு, வேகவைத்து, மத்தால் கடைந்து தாளித்து வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா லூப்பே கைப்பக்குவம் வரல." அடுத்த தடவை நெய் விட்டேன். "ம்ஹூம்." பூண்டைச் சுட்டுப் போட்டேன், சீரகத்தை வறுத்துப் போட்டேன், வெண்ணெயைக் கட்டியாகப் போட்டேன். "எதோ ஒண்ணு குறையுதுட்டி." ஆறு மாதம் இதே பாட்டு. என் தேங்காய்ப்பால் சொதிக்கு எங்கள் தெருவே அடிமை. எத்தனை கல்யாண வீட்டில் என்னைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்! அப்படிப்பட்டவள் ஒரு பயற்றிடம் தோற்றுப்போனேன். ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஒரு நாள் அழுதேகூட விட்டேன்.

இதற்கு நடுவில்தான் பேக்கரி விஷயம் வந்தது. லூப்பே கடைக்கு அடுத்த கதவு, ஓர் இத்தாலியத் தாத்தாவின் பேக்கரி. கேக்கின் மேல் க்ரீமால் பூப்போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்த என்னிடம் க்ரீம் பையைக் கொடுத்துப் போடச் சொன்னார். மார்கழி முழுவதும் வாசலை அடைத்துக் கோலம் போட்ட கைக்கு இது ஒரு வித்தையா? போட்டேன். தாத்தா மீசையைத் தடவிக்கொண்டு, "திங்கட்கிழமை வா" என்றார். பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "முட்ட தொட்ட கையால சாமி விளக்கு ஏத்துவியா?"

"கை கழுவிட்டு ஏத்துதேன் அத்தான்."

"கழுவினாப் போற தீட்டாட்டி அது?"

பேச்சு அத்தோடு முடிந்தது. நாள் முழுவதும் பதினோராவது மாடியில் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசைப்பட்டு நான் எதையும் அதற்கு முன் கேட்டதில்லை.

கோபத்தில் ஒரு நாள் மத்தியானம் தனியாக லூப்பே கடைக்குப் போனேன். வேலைதான் இல்லை, அந்த மசியலையாவது ஜெயிக்க வேண்டாமா? அவளுக்கும் எனக்கும் சேர்த்து மொத்தம் ஒரு கைப்பிடி இங்கிலீஷ். "உன் பயற்றில் என்ன போடுகிறாய்?" என்று கேட்டேன். அவள் சிரித்து, என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கே இழுத்துப் போனாள். பெரிய இரும்புச் சட்டியைக் காயவைத்தாள். ஒரு டப்பாவிலிருந்து வெள்ளையாக எதையோ ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள். வெண்ணெய் என்று நினைத்தேன். டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். அதில் கழுத்தில் கைக்குட்டை கட்டிய பன்றி ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பன்றிக் கொழுப்பு! ஆறு மாதமாக!

அருவருப்பு வந்தது உண்மைதான். வீட்டுக்கு ஓடிப்போய் அரை டியூப் பற்பசையைத் தீர்த்தேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அதற்கும் முன்னால் வந்தது நிம்மதி. என் கைப்பக்குவத்தில் குறையே இல்லை! குறைந்தது பன்றி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. பாவம், மனிதர் உடைந்துபோவாரே என்று நான் இரக்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். நான்! அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் சுந்தரராஜன் மாமாவும் அம்புஜம் மாமியும் குறுக்கே வந்தார்கள். மாமா எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். மாமி கனடா வந்த நாளிலிருந்து வெளியில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காதவர். சங்கத்துப் பொங்கல் விழாவில் இவர் லூப்பேயின் சைவத்தைப் பற்றி வாய் ஓயாமல் அளந்திருந்தார். "அப்படியா? எங்களையும் அழைச்சுண்டு போங்கோ" என்று மாமா பிடித்துக்கொண்டார். இவர் கூட்டமாக இருக்கும் என்றார், கடை சின்னது என்றார், மாமா விடவில்லை. வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

எனக்குத் தூக்கம் போயிற்று. நாங்கள் தின்றது தின்றதுதான், தெரிந்துகொண்டே மாமி வாயில் அதை வைக்க விடலாமா? வெள்ளிக்கிழமை காலையில் லூப்பேயிடம் ஓடினேன். கழுவி வைத்த புதுச் சட்டியில், சோள எண்ணெய் மட்டும் விட்டு, எங்கள் மேசைக்குத் தனியாக மசித்துத் தரும்படி கையைக் காலை ஆட்டிப் புரியவைத்தேன். நல்ல மனுஷி, செய்தாள். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். இவரிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்தோம். மாமி பையிலிருந்து வெள்ளி டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். லூப்பே இரண்டு தட்டு நிறைய டாக்கோவைக் கொண்டுவந்து வைத்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"வாசனை நன்னாத்தான் இருக்கு" என்று மாமி ஒன்றை எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் போயிற்று.

திடீரென்று இவர் கை பாய்ந்தது. மாமி கையிலிருந்த டாக்கோ பறந்தது, தட்டும் கவிழ்ந்தது, பயறெல்லாம் தரையில்.

"அடடா! கை தவறிட்டு மாமி! மன்னிச்சிருங்க! இங்க இன்னைக்குச் சரியில்ல, வாங்க, நம்ம வீட்டுலயே சாப்பிடலாம்" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த மனிதருக்குத் தெரியும்! எப்போதிருந்தோ தெரியும்! தெரிந்துகொண்டேதான் வாராவாரம் விரலை நக்கினார். தெரிந்துகொண்டேதான் என் மசியலில் என்னமோ குறைகிறது என்று உதட்டைப் பிதுக்கினார். அதுகூடப் போகட்டும். மாமிக்கு ஆபத்து என்றதும் பாய்ந்த கை, ஆறு மாதத்தில் எனக்காக ஒரு நாளாவது தவறியதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரும்புச் சட்டியையே தூக்கியிருப்பேன்.

தூக்கவில்லை. சிரித்த முகமாக இரண்டாவது தட்டைக் கையில் எடுத்தேன்.

"அதுக்கென்ன அத்தான், இதோ இன்னொரு தட்டு இருக்குல்லா? மாமி, நீங்க எடுத்துக்கிடுங்க."

இவர் முகம் வெளிறியது. "கோமு, வேண்டாம்ட்டி..."

தட்டை மாமிக்கு எட்டியும் எட்டாமலும் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பேச்சோட பேச்சா அத்தான், அந்தப் பேக்கரி வேலைக்குத் திங்கட்கிழமைல இருந்து போகட்டுமா?"

அவர் தட்டைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணைச் சிமிட்டவில்லை.

"போயேன்... யாரு வேண்டாம்னா?"

"முட்ட தொட்ட கைன்னு சொன்னீங்களே?"

"கழுவினாச் சரியாப் போச்சு" என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேஷ், வீட்டுக்காரர்னா இப்படின்னா இருக்கணும்!" என்றார் மாமா.

"கேட்டுட்டேள்ல மாமி, நீங்கதான் சாட்சி" என்று மாமியின் பேச்சிலேயே சொல்லிவிட்டுத் தட்டை மாமி முன்னால் வைத்தேன். மாமி ஒன்று சாப்பிட்டார். "நம்மாத்துப் பருப்பு மசியலாட்டமே இருக்குடீ!" என்று இன்னொன்று எடுத்தார். மாமாவும் சளைக்கவில்லை. அவர்கள் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் இவர் நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டே போனார். மாமி வெள்ளி டம்ளரைக் கழுவிப் பையில் வைத்தபோது, இவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போதுதான் சொன்னேன். "பயப்படாதீங்க. இன்னைக்கு அதுல இருந்தது சோள எண்ணெய். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால அந்த டப்பாவப் பாத்துட்டேன் கோமு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுக்குள்ள நாக்கு பழகிட்டு."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்லா?"

குல்லாவைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார். நானும் விட்டுவிடவில்லை, இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாவது நாள், திங்கட்கிழமை, அவரே எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டு வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பேக்கரியில் ஒரு கேக்குக்கு ரோஜாப்பூ போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஓவர்கோட்டும் குல்லாவுமாக ஓர் உருவம், லூப்பே கடை வாசலில் உள்ளே போகவா வேண்டாமா என்று நின்றது. என்னைப் பார்த்ததும் திருட்டுப் பூனை மாதிரி விழித்தது.

நான் க்ரீம் கையோடு கதவைத் திறந்து தலையை நீட்டினேன்.

"போங்க அத்தான், போய்ச் சாப்பிடுங்க. ஆனா விசாரிச்சுட்டுச் சாப்பிடுங்க."