படாத குண்டு

ஜாம்பி என்று யாரும் என்னை நேருக்கு நேர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கறிச்சோறு தின்றிருப்பேன். ஜப்பானில் எங்கள் சிபா பக்கத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒலிபெருக்கியில் பொதுவாகச் சொல்வார்கள்.

"எல்லாருக்கும் ஒரு சின்ன வேண்டுகோளுங்க. மேல குண்டு பட்டா, தயவுசெஞ்சு கைய தூக்கி 'ஹிட்'னு சத்தமாச் சொல்லிட்டு வெளிய வந்துடுங்க. படாத மாதிரி நின்னுட்டா மத்தவங்களுக்கு விளையாட்டே கசந்துபோயிடும். நன்றிங்க."

மைதானத்துக்காரர் ஹிரயாமாவின் குரலில் தேன் சொட்டியது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் சாப்பாட்டுக் கூடாரத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஒரு கூட்டமே சேர்ந்து ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நான் ஒகிட்சு. நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஓடும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று என் தலைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஊரே உட்கார்ந்திருக்கும், வாயைத் திறக்க ஒரு ஆள் கிடையாது. அதனால் விடுமுறை வரும் புதன்கிழமைகளில் மின் விளையாட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இந்தத் தேவதாருக் காட்டுக்கு வந்துவிடுவேன். பிளாஸ்டிக் குண்டு, இரண்டு அணி, எதிராளியின் கொடியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. குண்டில் சாயம் கிடையாது. பட்டால் பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. பட்டும் சொல்லாதவனுக்குப் பெயர் ஜாம்பி, செத்த பிறகும் நடமாடுகிறவன். எங்களிடையே அதைவிடக் கேவலமான பெயர் இல்லை.

வந்த நாளிலிருந்து தனியாகத்தான் விளையாடினேன், காருக்குள் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் 'வறுத்த கடலை' குழு என்னைச் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தது. தலைவி இசோபே அக்காவுக்கு யாச்சிமாட்டாவில் கடலைத் தோட்டம். குழுவின் பெயருக்கு வேறு ஆழமான அர்த்தமெல்லாம் கிடையாது. பகலுணவின்போது எல்லோர் முன்னாலும் "இவள சேர்த்துக்கறதுல யாருக்காவது ஆட்சேபணையா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் நான் உள்ளே. எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முந்தின ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. என்னை வம்புக்கு இழுத்தவர் நுமாஜிரி அண்ணன். நூடுல்ஸ் கடைக்காரர், கடலைக் குழுவின் கியர்பாக்ஸ் பண்டிதர்.

மின் துப்பாக்கியின் வயிற்றுக்குள் ஒரு கியர்பாக்ஸ் இருக்கும். மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்ற, அவை பிஸ்டனைப் பின்னால் இழுத்து விட, ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, அந்தக் காற்று குண்டைத் தூக்கி எறியும். பெட்டியில் பல வகை உண்டு. நீளத் துப்பாக்கிக்கு ஒன்று, குட்டைத் துப்பாக்கிக்கு ஒன்று என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் வாய்ச்சண்டை போட இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும் போதும். இரண்டாம் வகை அமெரிக்க ஜாடைத் துப்பாக்கிகளில் இருக்கும், மோட்டார் அதோடு ஒட்டாமல் கைப்பிடிக்குள் தனிக்குடித்தனம் நடத்தும். மூன்றாம் வகை ரஷ்ய ஜாடைத் துப்பாக்கிகளில். மோட்டாரைக் கூண்டு போட்டுத் தன்னோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். என்னுடையது இரண்டு. நுமாஜிரிக்கு மூன்றைத் தவிர உலகத்தில் எதுவுமே பெட்டி இல்லை.

"என்ன பஸ்சு, ரெண்டாம் வகையா?" என்றார் என் துப்பாக்கியைத் தட்டி. "பெட்டியோட முன்மூஞ்சில விரிசல் விட்டாச்சா, இல்ல இனிமேத்தானா?"

"உங்க மூணாம் வகைல ட்ரிகர் ஸ்பிரிங்க மாட்ட மூணு கை வேணுமாமே அண்ணே? அண்ணிய துணைக்குக் கூப்பிடுவீங்களாமே?"

இசோபே அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க" என்றார் நுமாஜிரி. "என் வாய்ல பல்லு கொட்டிப்போனாலும் இந்தப் பெட்டி சுட்டுக்கிட்டே இருக்கும். மூணாம் வகைக்குச் சாவே கிடையாது."

என்னை 'பஸ்சு' என்று அவர் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் பாதி சேர்ந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என் அவசரம்.

அன்று கூட்டம் குறைவு. ஆளைச் சமப்படுத்த எங்களைப் பிரித்தார்கள். இசோபே அக்காவும் நானும் சிவப்பு, நுமாஜிரி மஞ்சள். இரண்டாவது ஆட்டத்தில், ஒரு மரத்தின் பின்னால் முட்டி போட்டிருந்தேன். பத்தடி தூரத்தில் புதர் விலகியது. நுமாஜிரி. என்னைப் பார்த்து 'டர்ர்ர்' என்று ஒரு நீண்ட இழுப்பு இழுத்தார். செத்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேலே எதுவும் படவில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. திரும்பிச் சுட்டேன். அவர் கையைத் தூக்கி "ஹிட்!" என்றார். ஆனால் உடனே நகரவில்லை. பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே முறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இரண்டாம் வகைப் பெட்டியிடம் தோற்ற கடுப்பு என்று நினைத்து, நான் வேறு கையாட்டி வைத்தேன்.

நேராக வந்து "உன் மேல பட்டுச்சே, ஏன் சொல்லல?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவர் முறையறிந்த மனிதர். விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் குற்றம் சொல்லக் கூடாது, மைதானத்துக்காரரிடம் சொல்ல வேண்டும், அவர் பொதுவாக அறிவிப்பார் என்பது முறை. யாருடைய முகத்திலும் கரி பூசாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. என் முகத்தில் அந்த ஏற்பாடே வாளியோடு கரியை ஊற்றியது.

"ஒகிட்சு-சான், கறிக்குழம்பு போதுங்களா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றார் இசோபே அக்கா. காலையில் "ஏய், இங்க வாடி" என்றவர், அறிவிப்புக்குப் பிறகு 'சான்' போட்டு மரியாதை காட்டினார்.

கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. "மத்ததெல்லாம் இன்னொரு நாள் பாத்துக்கலாங்க" என்று தட்டோடு எழுந்து போனார். நேராக நுமாஜிரியிடம் போய் நின்றேன்.

"அண்ணே, அந்த அறிவிப்பு என்னைப் பத்தித்தானே?"

"ஐயையோ, அது பொதுவாச் சொன்னதுங்க."

"என் மேல குண்டு படல."

"அப்படிங்களா. சரிங்க."

"படலைன்னா படலை!"

"நான் ஒண்ணுமே சொல்லலியேங்க" என்று குனிந்து வணங்கிவிட்டு, துப்பாக்கியில் மாட்டும் குண்டுத் தொட்டியின் சாவியைக் கரகரவென்று முறுக்க ஆரம்பித்தார். சுவரோடுகூடச் சண்டை போடலாம். பணிவோடு சண்டை போட முடியாது.

அப்போதுதான் எனக்கு அந்த அற்ப யோசனை வந்தது. பட்டது என்று சொன்னால்தான் நல்லவள் என்றால் சொல்லிவிட்டுப் போகிறேன். பகலுக்கு மேல் முதல் ஆட்டத்தில் நுமாஜிரியின் துப்பாக்கி 'டர்ர்ர்' என்றதுமே, பேருந்து நிலையத்துக்கே கேட்கிற மாதிரி "ஹிட்!" என்று கத்தி வெளியே நடந்தேன். குண்டும் படவில்லை, குண்டின் காற்றும் படவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. நுமாஜிரி தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப நல்லாச் சொல்ற" என்று இசோபே அக்கா முதுகில் தட்டினார். மறுபடி 'நீ' வந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கூசிப்போய்விட்டேன். உண்மை சொன்னபோது வாங்கிய அடியைவிட, பொய் சொல்லி வாங்கிய தட்டு அதிகமாக வலித்தது.

அதற்கடுத்த ஆட்டத்தில் நானும் இசோபே அக்காவும் ஒரு பழைய டிரம்முக்குப் பின்னால் தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தோம். பக்கவாட்டில் வந்தார் நுமாஜிரி. இரண்டு பேரையும் சேர்த்துத் துடைக்கிற மாதிரி ஒரு நீண்ட இழுப்பு. நான் வழக்கம்போல "ஹிட்!" என்று எழுந்தேன். அக்கா சாவகாசமாகத் திரும்பி அவரைச் சுட்டார்.

"ஹிட்!" என்ற நுமாஜிரி அசையாமல் நின்றார். முறையெல்லாம் பறந்துபோனது. "அக்கா! நீங்களும்தான் செத்தாச்சு!"

"எனக்குப் படலியே."

"ஒட்டிக்கிட்டு இருந்த பஸ்சுக்குப் பட்டிருக்கு, உங்களுக்கு எப்படிப் படாமப் போகும்?"

இசோபே அக்கா பொய் சொன்னார் என்பதைவிடக் கடலை மரத்தில் காய்த்தது என்பதை அந்தக் காட்டில் சுலபமாக நம்புவார்கள். அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எங்க பட்டுச்சு?"

நான் முழங்கையைப் பார்த்தேன், முட்டியைப் பார்த்தேன். அப்புறம் பொங்கிவிட்டது.

"எங்கயும் படல! காலைலயும் படல, மத்தியானமும் படல, இப்பவும் படல! உண்மையச் சொன்னா ஜாம்பிங்கறீங்க, பொய் சொன்னா முதுகுல தட்டுறீங்க! எனக்கு உங்களோட உக்காந்து சோறு திங்கணும், அதுக்காகத்தான் கத்தினேன், போதுமா?"

ஆட்டம் அப்படியே நின்றுபோனது. நுமாஜிரி, துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கும் தடத்துக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். அங்கே ஒரு இரும்புத் தட்டு தொங்கும், பட்டால் மணி மாதிரி ஒலிக்கும். அவர் குறி பார்த்து விசையை அழுத்தினார். 'டர்ர்ர்.' தட்டு தன் பாட்டுக்குத் தொங்கியது. குண்டுத் தொட்டியைக் கழற்றிக் குலுக்கினார். நிறைய இருந்தது. இன்னொரு முறை. 'டர்ர்ர்.' யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

மேசையில் துண்டை விரித்துப் பெட்டியைத் திறந்தார். பதற்றத்தில் ஸ்பிரிங்கைப் பிடிக்க மறந்துவிட்டார். அது எகிறி ஹிரயாமாவின் காப்பிக் கோப்பைக்குள் விழுந்தது. உள்ளே குனிந்து பார்த்தவர் ஒரு பிளாஸ்டிக் துணுக்கை விரல் நுனியில் எடுத்தார். குண்டு ஏறுவதற்காக முன்குழாயைப் பின்னால் இழுத்து வழிவிடுகிற பட்டையின் காது அது, முறிந்திருந்தது. அது இழுக்காவிட்டால் குண்டு ஏறாது. மோட்டார் சுற்றும், பிஸ்டன் அடிக்கும், சத்தம் ஜோராக வரும், வெறும் காற்று போகும்.

"இலை நிறத்துக் குண்டு போடுறேன்ல" என்றார் தாழ்ந்த குரலில். "பறக்கறது எதிராளிக்குத் தெரியக் கூடாதுன்னு. எனக்கே தெரியல. சத்தத்த நம்பிட்டேன். மத்தியானமாவது சந்தேகப்பட்டிருப்பேன், நீ ஹிட்டு ஹிட்டுன்னு கத்தினதுல பெட்டி நல்லாத்தான் இருக்குன்னு..."

சொல்லி முடிக்காமல், நெற்றி மேசையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். "என்ன மன்னிச்சுடு. உன் பேரக் கெடுத்துட்டேன்."

அவர் வழுக்கையைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நானும் குனிந்தேன். "சாவே கிடையாதுன்னீங்களே அண்ணே, காது போயிடுச்சே" என்றேன். இந்த முறை அவரே சிரித்துவிட்டார்.

"சிரிப்பெல்லாம் இருக்கட்டும்" என்றார் இசோபே அக்கா என்னிடம். "நீ செஞ்சதும் தப்புதான். ஜாம்பி செத்தும் நடக்கறான். நீ சாகாமலே சுடுகாட்டுக்கு நடந்திருக்க. உன்ன நம்பித்தானே அவரு அந்த ஓட்டைத் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாரு?"



நுமாஜிரியின் கருவிப் பெட்டியில் மாற்றுப் பட்டை இருந்தது. ட்ரிகர் ஸ்பிரிங்கை நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் பெட்டியை மூடித் திருகினார். மூன்றாவது கை நான்தான் என்று யாரோ சொன்னார்கள். துப்பாக்கி தயாரானதும் அக்கா எல்லோரையும் பார்த்துக் கேட்டார்:

"இவள சேர்த்துக்கறதுல யாருக்காவது ஆட்சேபணையா?"

நுமாஜிரி கையைத் தூக்கினார்.

"ஒரே ஒரு ஆட்சேபணை" என்றார். "இவ இன்னிக்குக் கத்தினது ஒண்ணுகூட நிஜமில்ல. என் குண்டு நிஜமாப் பட்டு, இவ நிஜமாச் சொல்றத நான் காதால கேக்கணும். கடைசி ஆட்டம் பாக்கி இருக்கு. கேட்டுட்டேன்னா எனக்கு முழுச் சம்மதம்."

"சும்மா வந்து நெஞ்சக் காட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றேன்.

"நின்னீன்னா சேர்த்துக்கவே மாட்டேன்."

கடைசி ஆட்டத்தில் வெளிச்சம் சாய்ந்துவிட்டது. அரைமணி நேரம் ஊர்ந்து அவருக்குப் பின்பக்கமே போய்விட்டேன். பாசி பிடித்த ஒரு வேர்மேட்டுக்கு அப்பால், என் குறிக்குள் நுமாஜிரியின் முதுகு. இதோ சுட்டால் அவர் வெளியே, என் சேர்க்கையும் இன்னொரு நாளைக்கு. சுடாமல் ஒரு சுள்ளியை மிதித்து ஒடித்தால் போதும், அவர் திரும்புவார், எல்லாம் சுபம். ஒரு கணம் அந்தச் சுள்ளியைப் பார்த்தேன். வேண்டாம். இனிமேல் பொய்யாகச் சாகிற உத்தேசம் எனக்கில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்தினேன். என் முதல் குண்டு நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையில் பட்டுத் தெறித்தது. அவர் சரேலென்று திரும்பினார். இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் 'டர்ர்ர்' என்றன.

இடது தொடையில், உறையும் தடுப்பும் இல்லாத இடமாகப் பார்த்து, சுளீரென்று விழுந்தது. தேள் கொட்டியது மாதிரி எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஹிட்!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக, அவ்வளவு சந்தோஷமாக நான் செத்ததில்லை.