கம்பம் இறங்கும் வரை

தசரதன் மாமா அரிவாளோடு மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். வசந்தகுமாரி ஓடிப்போய் அவர் தோள்துண்டைப் பிடித்து இழுத்தாள்.

கூடத்தில் அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பாடைக்கு மூங்கில் வேண்டும். மொட்டை மாடியில் அப்பாவின் ரேடியோவுக்கு ஏரியல் கம்பமாக இரண்டு மூங்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி நிற்கும்போது கடைக்கு எதற்கு ஓடுவது என்பது மாமாவின் நியாயம்.

"அதுல கைய வெக்காதீங்க மாமா."

"இனிமே அது இன்னாத்துக்கும்மா? பேசறதுக்கு ஆளா கீது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா மேல் மட்டுமல்ல, செத்துக்கிடக்கிற மனுஷன் மேலும்தான். எல்லாம், கம்ப்யூட்டரில் அடிக்கிற எழுத்தைத் துண்டு துண்டாக்கி ரேடியோ வழியே அனுப்புகிற ஒரு தகரப் பெட்டியால் வந்தது. பல மாதம் பாடுபட்டு அப்பா துலுக்கானமும் கரையான்சாவடி உஸ்மான் கனியும் ஆளுக்கொன்று செய்திருந்தார்கள். நேற்று சாயந்திரம் இரண்டும் முதல்முறையாகப் பேச வேண்டும். பேசவில்லை. ரேடியோ கிளம்பியபின் எவ்வளவு பொறுத்து எழுத்தை விட வேண்டும் என்கிற எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று, மார்பைத் தேய்த்துக்கொண்டே மாற்றி மாற்றிப் போட்டார் அப்பா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லி அவள் கத்தினாள். இதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது.

மாலையோடு உஸ்மான் கனி வந்தார். அப்பாவின் காலடியில் நின்று அழுதார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நேத்து குமணன்சாவடில தங்கச்சி ஊட்டு விசேஷம்மா. நான் ரேடியோ செட்டே போடல. நாளிக்குப் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன்."

அவரை அறைய வேண்டும்போல் இருந்தது வசந்தகுமாரிக்கு. கேட்க ஆளே இல்லாத இடத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"போய் செட்டப் போடுங்க பாய்."

அவர் தயங்கினார். லைசென்ஸ் துலுக்கானம் பேரில் இருப்பது, ஆள் போனபிறகு அந்தப் பேரில் கூப்பிடக் கூடாது என்று மெல்லச் சொன்னார்.

"அவுரு இன்னும் ஊட்ட உட்டுப் போவல பாய்."

உஸ்மான் கனியின் ஸ்கூட்டர் கிளம்பியது. பிணத்தை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மாமா அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா எழுந்து வந்து, கம்ப்யூட்டர் மேஜை மேல் யாரோ குவித்திருந்த மாலைகளை எடுத்துக் கீழே வைத்தாள்.

அப்பா கடைசியாகப் போட்ட எண்ணை வசந்தகுமாரி தொடவில்லை. உஸ்மான் கனி வீடு போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் பார்த்து, பெட்டி வழியே அவரைக் கூப்பிட்டாள். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. பதில் வராவிட்டால் அதுவாகவே திரும்பக் கூப்பிடும். கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது.

இணைப்பு கிடைத்ததாகத் திரையில் ஒரு வரி விழுந்தது. அதன் கீழே, இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வொன்றாகத் தமிழ் வந்தது.

'கேக்குது அண்ணாத்தே.'

எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதை நினைக்க அவளுக்குக் கோபம் இன்னும்தான் ஏறியது. பதில் எதுவும் அடிக்காமல் எழுந்து போய், மாமாவின் மடியிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அவளே மாடி ஏறினாள்.

சாயந்திரம் பாடை தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். முன்பக்கத்து மூங்கிலில் ஏரியலுக்காக அப்பா சுற்றியிருந்த கறுப்பு டேப்பின் ஒரு முனை பிரிந்து, மாமாவின் தோளில் உரசிக்கொண்டே போனது.