வீரமலையின் காலில் இரும்பு

கோயிலில் திடீரென்று தப்பு மேளம் அதிர்ந்ததும் வீரமலை தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இரத்தோட்டை ஊருக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஆண்டுதோறும் திருவிழாவில் முனியாண்டி சாமி இறங்கி ஆடுவது அவன் மேல்தான். ஆனால் சென்ற வருடம் லொறியிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்தபோது, பெரிய ஆஸ்பத்திரியில் எலும்போடு ஓர் இரும்புத் தகட்டை வைத்து, திருகாணி முடுக்கி, மேலே தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் காலை அவன் பயந்து பயந்துதான் ஊன்றுவான்.

இரும்பைக் கண்டால் பேய் ஓடும் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சாமியும் வராமல் போய்விட்டால்? ஆடும் உரிமை பங்காளி சடையனுக்குப் போய்விடும்.

“உடம்புக்குள்ளயே இரும்ப வச்சிக்கிட்டு இவன் எங்க ஆடப்போறான்? சலங்கைய எங்கிட்ட குடுங்க!” என்று சடையன் சிரித்தான்.

“முனியாண்டி கையில இருக்கிற அரிவா என்ன, வாழ மட்டயா?” என்று வெடுக்கென்று கேட்ட அழகாயி, கணவன் காலில் தானே சலங்கையைக் கட்டினாள்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பொன்னுத்துரைக்கு வேறு கவலை. குதித்தால் திருகாணி கழன்றுவிடாதா? இப்படியொரு காலை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை. முன்வரிசையில் வந்து நின்றுகொண்டார்.

தப்பு வேகமெடுத்தது. வீரமலையின் தோள்கள் நடுங்கின. பிறகு ஒரே பாய்ச்சல்! அரிவாளைத் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றிச் சுற்றி ஆடினான். சடையன் மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

ஆட்டம் ஓய்ந்து வீரமலை சரிந்து உட்கார்ந்ததும் டிஸ்பென்சர் ஓடிப்போய்க் குனிந்தார்.

“கால் எப்பிடியடா இருக்கு? நோகுதா?”

தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டே வீரமலை அவரை விழித்துப் பார்த்தான்.

“எந்தக் காலுங்க ஐயா?”