மேல்வீட்டுக் கூழாங்கற்கள்

பளிச்சண்ணன் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை விரிப்புகளில் கறை தேடிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பழகியவர், வேலை முடிந்த பிறகு சும்மா இருப்பாரா? சொந்த வீட்டு முற்றத்தின் மேல் பார்வையைத் திருப்பினார். அங்கே ஒரு காய்ந்த இலை விழுந்தால், தரை தொடுவதற்கு முன்னால் அண்ணன் தொட்டுவிடுவார் என்று எதிர்வீட்டு வேன் டிரைவர் சொல்வார். அதில் பாதி கேலி, பாதி பொறாமை. அண்ணன் காதில் விழுந்ததென்னவோ பொறாமை மட்டும்தான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை முற்றம் கழுவுவது. குழாயில் நீளமான ரப்பர் ஹோஸை மாட்டி, நீல நைலான் துடைப்பத்தால் தேய்த்து, இலை, மண், பூச்செடிப் பாத்தியிலிருந்து உருண்டு வந்த வெள்ளைக் கூழாங்கல் என்று எல்லாவற்றையும் மூலையில் இருக்கும் மழைநீர்க் குழிக்குத் தள்ளிக்கொண்டே போவார். அதன் கம்பி மூடியைக் காலால் ஒதுக்கிவிட்டு ஒரே பாய்ச்சு. குனிந்து முறத்தில் அள்ளுகிற வேலையெல்லாம் இடுப்பு சொன்னபடி கேட்ட காலத்தோடு சரி. தண்ணீர் அடித்துக்கொண்டு போன பிறகு குப்பை என்று ஒன்று இருந்ததாகவே அவர் நினைப்பதில்லை.

அது எங்கே போகிறது என்று தெரியாமலும் இல்லை. அப்பா விட்டுப்போன மனையைப் பாதியாகப் பிரித்து, மேட்டில் அண்ணனும் பள்ளத்தில் தங்கையும் வீடு கட்டியிருந்தார்கள். இரண்டு வீட்டு மழைத் தண்ணீரும் தங்கை வாசலில் மண்ணுக்குள் இருக்கும் சேம்பரில் வந்து விழுந்து, அங்கிருந்து தெருக் கால்வாய்க்குப் போகும். சேம்பர் என்பது சிமெண்ட் பலகை போட்டு மூடிய சின்னத் தொட்டி. சேறு அதில் தங்கிவிடும், தண்ணீர் மட்டும் வெளியே போகும். தங்கிய சேற்றை யாராவது அவ்வப்போது அள்ளியாக வேண்டும். தொட்டி தங்கை வாசலில் இருப்பதால் அந்த யாராவது தங்கைதான் என்று வீடு கட்டிய காலத்திலேயே தானாக முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் அண்ணன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

நேற்று மழை வெளுத்து வாங்கியது. சேம்பர் அடைத்துக்கொண்டு, தண்ணீர் பலகையை முட்டிக்கொண்டு பொங்கி, தங்கை வீட்டு முன்னறைக்குள் புகுந்தது. அந்த முன்னறைதான் அவளுடைய தையல் கடை. தைத்து மடித்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் சேற்றில் ஊறின. குழாயில் இறங்க வழியில்லாத தண்ணீர் மேல்வீட்டு முற்றத்திலும் தேங்கி, அண்ணனின் வெள்ளைச் சுவரில் ஒரு பழுப்புக் கோட்டை இழுத்துவிட்டுப் போனது. மழை விட்டதும் அண்ணன் தெருவுக்கு இறங்கி வந்தது அந்தச் சீருடைகளுக்காக இல்லை. இந்தக் கோட்டுக்காக.

"தங்கச்சியாச்சேன்னு இத்தனை நாளா வாயத் தொறக்கல" என்று நடுத்தெருவில் நின்று ஆரம்பித்தார். "ஒரு சேம்பரச் சுத்தம் பண்ணத் துப்பு இல்ல. அழுக்குலயே கெடந்து பழகிட்டா அதுவே சொகமாத்தான் இருக்கும். சுத்தம்னா என்னன்னு தெரியாத குடும்பம்."

வேன் டிரைவர் கேட்டார். முனைக் கடைக்காரர் கேட்டார். மாடிகளில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தங்கைக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தது. இடது தோளில் ஈரச் சட்டைகளைச் சுமந்துகொண்டு வாசலில் நின்றவள் அண்ணனைப் பார்த்து, "சரிண்ணே" என்று மட்டும் சொன்னாள். எதிர்த்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அவருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

இன்று காலை அண்ணன் கடப்பாரையோடும் கொத்துக்கரண்டியோடும் வாளியோடும் கீழே வந்தார். உதவி என்பது பேருக்கு. அவள் குடும்பத்தின் லட்சணத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை. அதனால்தான் டிரைவரையும் கடைக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்.

"பாருங்க, இப்ப உள்ள என்னென்ன வருதுன்னு" என்று பலகையின் ஓரத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்.

பலகை நகர்ந்தது. கறுப்புச் சேறு விளிம்பு வரை இருந்தது. அண்ணன் கொத்துக்கரண்டியால் ஒரு கிளறு கிளறினார். சேற்றுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னொன்று. அப்புறம் கை நிறைய. கூழாங்கற்கள். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் கூழாங்கல் கிடையாது. அவரே தேடித் தேடி வாங்கிப் பாத்தியில் பரப்பியவை. குழாய் வந்து சேரும் வாயில் நீல நைலான் நார்கள் சடை பிடித்து, இலைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடைத்திருந்தன. எந்தத் துடைப்பத்தின் நார் என்று அவரைக் கேட்கத் தேவையில்லை.

அண்ணனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சூடு ஏறியது. சட்டென்று குந்தி உட்கார்ந்து முதுகால் தொட்டியை மறைத்தார். நேற்று வரை குனிய மறுத்த இடுப்பு இப்போது எப்படி வளைந்தது என்று அதற்கே வெளிச்சம்.

"என்னண்ணே இருக்கு?" என்றார் டிரைவர்.

"எலை... சேறு. வேற என்ன இருக்கும்."

"தங்கச்சிகிட்ட சொல்லி வைங்கண்ணே. அப்பப்ப தொறந்து பாக்கணும்ல."

"சொல்றேன்" என்றார் அண்ணன்.

அவர்கள் போய்விட்டார்கள். சொல்றேன் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் போகவில்லை. நேற்று யோசிக்காமல் பேசினார். இன்று தெரிந்தே அவள் தலையில் கட்டிவிட்டார். தன் மூஞ்சியைத் தானே பார்க்கப் பிடிக்காத மாதிரி இருந்தது அவருக்கு. வேகவேகமாகச் சேற்றை வாளியில் அள்ளினார். கற்களை முதலில் அள்ளி, மேலே இலையைப் போட்டு மூடினார். யாரும் பார்ப்பதற்குள் தங்கை வீட்டுக் கொல்லையில் கொட்டிவிடலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கச் சந்து வழியாகப் போனார்.

கொல்லையில் சுவரோரமாகப் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தொட்டியிலும் செடியைச் சுற்றி, மண் தெரியாமல், வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பியிருந்தன. கடைசியில் இருந்த தொட்டிகளில் கற்கள் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டன. இந்தப் பக்கம் வர வர வெள்ளை. எல்லாம் தேய்த்துக் கழுவி அடுக்கிய கற்கள். ஒருநாள் இருநாள் வேலை இல்லை, வருஷக்கணக்கு.

வாளி அவர் கையிலேயே இருந்தது. கொடியில் ஒற்றைக் கையால் சீருடைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"அங்க வைண்ணே. நான் பாத்துக்கறேன்."

"இந்தக் கல்லெல்லாம்..."

"மேலேருந்து வர்றதுதான். தூக்கிப்போட மனசு வரல. நல்ல கல்லு." ஒரு சட்டையை உதறினாள். "இந்தத் தடவ கை இப்படி ஆயிடுச்சு, பலகையத் தூக்க முடியல. இல்லேன்னா இவ்வளவு ஆயிருக்காது."

மேல்வீட்டுக் குப்பையை அள்ள முடியாமல் போனதற்கு அவள் சமாதானம் சொல்கிறாள் என்பது அண்ணனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்தபோது கூனிக் குறுகிப் போனார்.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? நேத்து அத்தன பேர் முன்னாடி பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சட்டையைக் கொடியில் போட்டாள். கிளிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்துச் சட்டையில் மாட்டினாள்.

"நேத்து சொல்லணும்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. கோவம் இல்லன்னு நெனைக்காத" என்றாள். "ஆனா சொன்னா நீ கழுவுறத நிறுத்திடுவ. அண்ணி தவறிப் போய் நீ தனியா ஆனதுக்கப்பறம் காலைல உன் வீட்லேருந்து வர்ற ஒரே சத்தம் அந்தத் தண்ணிச் சத்தம்தான். கொழாய்ல கடகடன்னு தண்ணி எறங்கும்போதுதான், சரி, அண்ணன் நல்லபடியா எழுந்துட்டாருன்னு நான் அடுப்பு பத்த வைப்பேன்."

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். தொட்டிக் கற்களை ஒருமுறை பார்த்தார். மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே தெருவுக்கு நடந்தார்.

முனைக் கடையில் டிரைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கடை வாசலில் வாளியை வைத்து, மேலே கிடந்த இலையை ஒதுக்கினார். வெள்ளைக் கற்கள் தெரிந்தன.

"தங்கச்சி சேம்பர்ல இருந்தது எல்லாம் என் வீட்டுக் குப்ப. நான் தண்ணி ஊத்தி ஊத்தித் தள்ளினது. அவதான் இத்தன வருஷமா அள்ளிட்டு இருந்திருக்கா. கொஞ்சம் முன்னாடி நீங்க கேட்டப்பவும் மறச்சிட்டேன்."

டிரைவர் பேப்பரில் எதையோ மும்முரமாகப் படிக்கத் தொடங்கினார். கடைக்காரர் அப்படி விடுகிற ஆள் இல்லை.

"அப்ப நேத்து அந்தம்மாவ அந்தப் பேச்சுப் பேசினீங்களே சார்?"

"பேசினேன்" என்றார் அண்ணன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நடுத்தெருவுல வச்சு."

"ஆமா. நடுத்தெருவுலதான்."

அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சாயங்காலத்துக்குள் தெருமுழுக்கப் பரவிவிடும் என்று தெரியும். பரவட்டும் என்றுதான் நினைத்தார். நினைத்தாலும் வீடு வரை தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை அண்ணன் ஹோஸைத் தொடவில்லை. முறத்தைத் தேடி எடுத்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இலைகளை ஒவ்வொரு கைப்பிடியாகப் பெருக்கி அள்ளினார். முற்றம் அப்படியொன்றும் பளிச்சென்று ஆகவில்லை. மூலைகளில் தூசி இருந்தது. பாதி முற்றம் முடிந்திருக்கும்போது நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவசரமாக வந்து நிற்கும் செருப்புச் சத்தம்.

"அண்ணே?" தங்கையின் குரலில் பதற்றம் இருந்தது. "அண்ணே, எழுந்துட்டியா?"

குனிந்த நிலையிலேயே முறத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். 

"எழுந்துட்டேம்மா" என்றார். "நீ போய் அடுப்பப் பத்த வை."