தனேஷின் திதி

பத்தாங் காலி கோயில் மண்டபத்தில் புனிதன் மைக்கைப் பிடித்தால் கூட்டம் வாய் பிளந்து கேட்கும். காஞ்சன்ஜங்காவில் பாதி மலை ஏறித் திரும்பியவன் அல்லவா! அன்றும் 1905-இல் அந்த மலையில் நடந்த கதையைத்தான் எடுத்தான். பனிச்சரிவில் ஒரு வெள்ளைக்காரரும் மூன்று சுமைகூலிகளும் புதைந்தார்கள். தப்பியவர்கள் உதவி கேட்டுக் கத்தினார்கள். மேலே கூடாரத்தில் இருந்த தலைவர் இறங்கியே வரவில்லை.

"மனுசனா அவன்?" என்று கேட்டான் புனிதன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

போன வருடம் அதே மலைக்குப் போனோம். புனிதன், தனேஷ், நான், மூவரும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அடிவார முகாமில் ரேடியோ என் பொறுப்பு. மே எட்டாம் தேதி புனிதன் மட்டும் இறங்கி வந்தான். கால் உடைந்து தனேஷ் செத்துவிட்டான் என்றான். கையோடு ஊருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை ரேடியோவில் தனேஷ் பேசினான்.

"வீட்ல சொல்லியாச்சுலா," என்றான் புனிதன். "அழுது முடிச்சிட்டாங்க. ஷெர்பாக்கிட்ட சொன்னா ஏறிடுவாங்க, அவங்களும் சாவாங்க. பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தேன். பத்தாம் தேதி மத்தியானம் வரை தனேஷ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

மண்டபத்தில் பேச்சு முடிந்ததும் தனேஷின் அம்மா இராஜம்மா என்னிடம் வந்தார். புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையிலிருந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார்.

"சசி, முதல் திவசம் வருதுய்யா. ஐயரு திதி கேக்குறாரு. புனிதன் எட்டாந்தேதிங்கிறான். நாள் தப்பிப் போச்சுன்னா என் புள்ளைக்குச் சோறு போய்ச் சேராது. எட்டுதானே?"

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பேன். செத்த பிறகும் அவன் பட்டினி கிடப்பானோ என்று அந்த அம்மா பயந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"பத்தும்மா."

"எட்டாந்தேதியே நான் தலை முழுகிட்டேனே." என் முகத்தையே பார்த்தார். "உசுரோட இருந்தானா?"

"ரேடியோவுல கூப்பிட்டான்."

"என்ன கேட்டான்?"

"தண்ணி."

அவர் அழவில்லை. மேடையில் புனிதன் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"திவசத்துக்கு ரெண்டு பேரும் வரணும். என் புள்ளைக்குப் படைச்ச சோத்தை நீங்க ரெண்டு பேரும் உக்காந்து தின்னணும், நான் நின்னு பாக்கணும். விக்கிக்கிட்டுச் செத்தாலும் தண்ணி தர மாட்டேன்."