அங்கே இன்னும் வியாழக்கிழமை

டெல்ஃபாவின் வீட்டுக் கூடத்தில் மூன்று கடிகாரங்கள் ஓடின. ஒன்று ஜெர்மனி நேரம், ஒன்று நியூயார்க், ஒன்று சிட்னி. வீடு இருந்த பிலிப்பைன்ஸின் செபு நகர நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது. இங்கே மணி என்ன என்று தெரிந்து அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆகப்போகிறது? பலகைத் தடுப்பு போட்ட ஐந்து அறைகள், அறைக்கு ஒரு கட்டில், ஒரு கேமரா, ஒரு மேசைவிளக்கு. வெளியே வெயில் கொளுத்தும்போதே ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கும். இணையத்தில் பார்க்கிறவனுக்கு ராத்திரி என்றால் பெண்ணுக்கும் ராத்திரியாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் பாட்டைச் சத்தமாக வைப்பார்கள்.

ஆர்செலிக்கு முப்பத்தாறு வயது. டெல்ஃபாவிடம் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம். உடுப்பைக் கழற்றுவதில் அவளுக்கு வெட்கமும் போய்விட்டது, கஷ்டமும் போய்விட்டது. தூக்கம் சொக்கும் கண்ணோடு சிரிப்பதுதான் பெரும்பாடு.

மெர்வின் திரையில் வந்த முதல் நாளே கேட்டதை அவள் மறக்கவில்லை.

"அந்தத் துணியைக் கொஞ்சம் எடும்மா. ராத்திரி என்கிட்டயே நிறைய கெடக்கு. உன் வெயிலைக் காட்டு."

அவர் கனடாவில், வின்னிபெக் ஊரில் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அவருக்கு வியாழக்கிழமை இரவு எட்டு மணி என்றால் இவளுக்கு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது. வாராவாரம் அந்த நேரத்துக்கு வருவார். ஆர்செலி ஜன்னலைத் திறந்துவிட்டுக் காப்பியோடு உட்காருவாள். தெருவில் ரொட்டிக்காரன் போகிறான், எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்துகிறாள், நேற்று போட்ட சண்டையை இன்றும் போடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இவளுடைய வெள்ளி அவருக்கு நாளை. அதனால், "நாளைக்கு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். "நாளைக்கு மழை. குடை எடுத்துக்குங்க" என்பாள் இவள்.

"உன் கிழவன் வந்துட்டான்டி, போய்ச் செய்தி வாசி" என்று அடுத்த அறை ரிச்செல் கேலி செய்வாள்.

கேலி செய்யட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆர்செலி வாரம் முழுக்கக் காத்துக்கிடந்தாள் என்பது ரிச்செலுக்குத் தெரியாது. ஒரே குறை, அவர் முகம். அவர் இவளைப் பார்ப்பார். இவளுக்குத் திரை ஓரத்தில் ஒரு பெயரும், காதில் ஒரு கரகரத்த குரலும் மட்டும்தான். போன் நம்பர், விலாசம் எதையும் கேட்கக்கூடாது என்பது அந்த இணையதளத்தின் சட்டம். கேட்டால் ஆளையே தளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள்.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன்பு மெர்வின் சொன்னார். "பையன் வீட்டை வித்துட்டான். என்னைத் தன்னோட கூட்டிட்டுப் போறான். அங்க கம்ப்யூட்டர் நடுக்கூடத்துல, பேரப்பிள்ளைங்களோடது. அடுத்த வியாழன்தான் கடைசி." பிறகு அவரே சொன்னார், "அன்னிக்கு நானும் கேமரா போடறேன். முடி வெட்டிக்கிட்டு வரேன், பயப்படாத."

அந்த வாரம் முழுக்க அவள் அவருக்கு விதவிதமாக முகம் வைத்துப் பார்த்தாள். ஒருநாள் வழுக்கை, ஒருநாள் வெள்ளை மீசை. எந்த முகத்துக்கும் குரல் ஒட்டவில்லை. புதன்கிழமை டெல்ஃபா புனித வார வழக்கப்படி கூடத்துக் குழந்தை ஏசு சிலையை ஊதாத் துணியால் மூடியபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அவருடைய கடைசி வியாழன் இவளுக்குப் பெரிய வெள்ளி.

அன்றைக்கு யாரும் வேலை செய்யமாட்டார்கள். கடவுள் செத்துக் கிடக்கிற நாள். உரக்கச் சிரிக்கக்கூடாது, மதியம் மூன்றுக்கு மேல் குளிக்கக்கூடாது. போன வருஷம் இதையெல்லாம் மெர்வினுக்குக் கதைகதையாகச் சொன்னவளே அவள்தான். "வேலை செஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். "பாவம். செய்யச் சொல்றவங்களுக்கு அதைவிடப் பாவம்" என்றிருந்தாள்.

வெள்ளி காலை டெல்ஃபாவிடம் போய் நின்றாள்.

"அக்கா, அறைச் சாவி வேணும்."

"இன்னைக்கா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"அங்க இன்னும் வியாழக்கிழமைதான்க்கா. ஏசு இன்னும் உயிரோடதான் இருக்காரு."

டெல்ஃபா வாயில் கைவைத்தாள். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வேண்டியவனா?"

"தெரியலக்கா."

"தெரியலைன்னா வேண்டியவன்தான்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள். "வேற எவனுக்கும் எதையும் காட்டாத. நான் உனக்காகவும் சேர்த்து முட்டி போடறேன்."

ஆர்செலி கழுத்து வரை மூடிய கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். ஜன்னலைத் திறந்தாள். தெருமுனைப் பந்தலில் ஏசுவின் பாடுகளின் கதையை ராகமிழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குத் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இருக்கிறாள் என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. எவனோ ஒருவன் வந்து, "யார் செத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனான். இன்னொருவன் கேட்கக்கூட இல்லை. மெர்வின் வரவில்லை. பத்தானது. பத்தரையானது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆண்பிள்ளைப் பேச்சை நம்பிக் கடவுளையே பகைத்துக்கொண்டு வந்த தன்மேல்தான் கோபம். விளக்கை அணைத்துவிட்டுப் போகத்தான் நினைத்தாள். கை வரவில்லை.

பதினொன்றுக்கு அவர் பெயர் வந்தது.

"உன்னை இன்னும் வீட்டுக்கு விடலையா?" என்றார். "இன்னைக்குக்கூடவா வேலை செய்யச் சொல்றாங்க?"

"யாரு சொன்னா?"

"ரெண்டு மணி நேரமா உன் பச்சை விளக்கைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். கட்டாயப்படுத்தித்தான் உட்கார வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். நானும் வந்தா, உன்னை வேலை செய்ய வச்ச பாவம் எனக்கும் சேரும்ல? அதான் வரல. விளக்கு அணையவே இல்ல. மனசு கேக்கல."

"உங்களுக்காகத்தான் வந்தேன். உங்களுக்காக மட்டும்தான்."

அந்தப் பக்கம் அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"கேமரா போடுங்க" என்றாள் ஆர்செலி.

"இனிமே எதுக்குன்னு கழட்டிப் பெட்டியில வச்சேன். பையன் வண்டியில ஏத்திட்டான்."

இரண்டு மணி நேரம் ஒரே விளக்கின் இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தரும் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"எப்படி இருப்பீங்கன்னு வாயாலயாவது சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? மூக்கு பெரிசு. காதுலகூட முடி. அதையும் இன்னைக்கு வெட்டிக்கிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். பெரிய வெள்ளியன்று, சத்தமாக. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ "அப்பா" என்று கூப்பிட்டார்கள். நாற்காலி நகர்ந்தது. அதன்பின் குரல் இல்லை.

ஆனால் பெயர் திரையிலேயே இருந்தது. வண்டியேறப் போய்விட்டாரா, பேச முடியாமல் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா, அவளுக்குத் தெரிய வழியில்லை. எழுந்தால், ஒருவேளை பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியாக அவர் பார்ப்பது காலி நாற்காலியாகிவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் நன்றாக மேலே விழும்படி ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பெயர் மறையும்வரை அசையவில்லை.